எங்கே தட்டினாலும் விழும் விற்பனை

வோலோஸ் நகரத்து எங்கள் மெழுகுவர்த்தி நிறுவனத்தில் விற்பனை நிலவரம் என்பது பத்தொன்பது வருடமாக அஸ்பசியாவின் வாயிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. அவர்தான் விற்பனைத் தலைவி. "போன வாரம் பரவாயில்ல" என்பார், நாங்கள் நம்புவோம். இது நவீன காலத்துக்கு இழுக்கு என்று உணர்ந்த இயக்குநர் மவ்ரிடிஸ் அவர்கள், விற்பனை டாஷ்போர்டு ஒன்றை நிறுவும்படி ஆணை பிறப்பித்தார். ஏதென்ஸுக்கு மூன்று நாள் பயிற்சிக்குப் போய்வந்த பாவத்துக்கு, அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

கட்டினேன். சுவர் அகலத்துக்குத் திரை. ஊரின் பெயரைத் தட்டினால் அந்த ஊர் விற்பனை, நிறத்தைத் தட்டினால் அந்த நிற மெழுகுவர்த்தி. நட்டநடுவே ஒரு அம்பு. இந்த வார விற்பனை, போன வருடம் இதே வாரத்தைவிடக் கூடினால் பச்சை, குறைந்தால் சிவப்பு. அம்பு விஷயத்தில் மட்டும் இயக்குநர் தொழில்நுட்ப ஆலோசனை வழங்கினார். "இன்னும் பெருசு" என்று நான்கு முறை சொன்னார்.

ஏப்ரல் நடுவில் திறப்பு விழா. தவக்காலமானதால் ஆலிவும் எள் அல்வாவும் வைத்திருந்தார்கள். துணி விலகியது. அம்பு சிவப்பு. தொண்ணூற்றொரு சதவீத வீழ்ச்சி.

"என்னம்மா இது?" என்றார் இயக்குநர்.

"சார், போன வருஷம் இந்த வாரம் ஈஸ்டர். இந்த வருஷம் ஈஸ்டர் மே மாசம். இன்னும் மூணு வாரம் இருக்கு. ஊரே மெழுகுவர்த்தி ஏத்துறது ஈஸ்டர் ராத்திரிதான். இப்ப எவன் சார் மெழுகுவர்த்தி வாங்குவான்?" என்றார் அஸ்பசியா.

"ஈஸ்டரா? அது எங்க இருக்கு?"

"காலண்டர்ல இருக்கு சார்."

"திரையில எங்க இருக்குன்னு கேட்டேன்."

திரையில் இல்லை. பயிற்சியில் எங்களுக்குக் காட்டிய உதாரணம் குளிர்சாதனப் பெட்டி விற்பனை. அதற்கு ஈஸ்டர் கிடையாது.

"டேய் மனோலி, நீதானே கட்டினே? சொல்லேன்டா" என்று அஸ்பசியா என் பக்கம் திரும்பினார். என் வாயில் அல்வா இருந்தது. வாயில் தின்பண்டத்தோடு பேசக்கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவன் நான். நிதானமாக மென்றேன்.

"சொந்த அபிப்பிராயம் வேண்டாம். தரவு பேசட்டும்" என்று இயக்குநரே தட்டத் தொடங்கினார். லாரிசா ஊரைத் தட்டினார், விழுந்தது. திரிகாலாவும் விழுந்தது. வெள்ளை, நீலம், ஞானஸ்நானத்தில் கையேற்ற ஞானப்பிள்ளைகளுக்கு ஈஸ்டர் பரிசாகத் தரவென்று முயல் பொம்மை கட்டிய ரகம், எதையும் விடவில்லை. இருபது நிமிட ஆய்வுக்குப் பின் அன்னார் தமது முடிவை வெளியிட்டார்.

"எங்க தட்டினாலும் விழுது. அப்ப தப்பு ஊர்லயும் இல்ல, நிறத்துலயும் இல்ல. எல்லா ஊருக்கும் எல்லா நிறத்துக்கும் பொதுவா இருக்கிற ஒரே ஆள் யாரு?"

எல்லோரும் அஸ்பசியாவைப் பார்த்தோம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் பார்த்தேன்.

அந்த நேரம் இயக்குநரின் கைப்பேசி அடித்தது. கறிக்கடைக்காரர்.

"ஆட்டுக்குட்டிக்கு இப்பவே என்னய்யா அவசரம்? ஈஸ்டருக்கு இன்னும் மூணு வாரம் கிடக்கு! இப்ப எவன் கறி வாங்குவான்?" என்று எரிந்து விழுந்துவிட்டு, பேனாவைத் திறந்தார். 'செயல்திறன் குன்றியமையை முன்னிட்டு' அஸ்பசியா பணியிலிருந்து விடுவிக்கப்பட்டார்.

அந்த நாற்காலியில் இயக்குநரின் அக்கா மகன் லெஃப்தேரிஸ் வந்து அமர்ந்தார். மூன்று வாரத்தில் அவர் ஆற்றிய ஒரே பணி, திரையின் பின்னணியைச் சாம்பலிலிருந்து இளநீலமாக்கியது.

ஈஸ்டர் வாரம் வந்தது. போன வருடம் மே மாதம் இதே வாரத்தில் மெழுகுவர்த்தியை ஒரு நாய்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆகவே அம்பு பச்சையாகி, ஆயிரத்து நானூறு சதவீதம் ஏறி, திரையின் விளிம்பைத் தாண்டி வெளியே போய்விட்டது. இயக்குநர் கண்கலங்கினார். இளநீலத்தின் ஆற்றலைப் பாராட்டி லெஃப்தேரிஸுக்குக் கேடயம் தந்தார். சட்டப்படி தரவேண்டிய ஈஸ்டர் போனஸ் போக, எல்லா ஊழியருக்கும் ஒரு மாதச் சம்பளம் அதிகமாக, அடுத்த வெள்ளிக்கிழமை வழங்கப்படும் என்று அறிவித்தார்.

ஈஸ்டருக்கு முந்தின நாள் சனிக்கிழமை, கூட்டம் தாங்காமல் என்னையும் நிறுவனத்தின் கடையில் நிறுத்தியிருந்தார்கள். தன் ஞானமகளுக்கு மெழுகுவர்த்தி வாங்க அஸ்பசியா வந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை.

"மேடம், ரெண்டே வரி மாத்தினா போதும். ஈஸ்டர் வாரத்தை ஈஸ்டர் வாரத்தோடயே ஒப்பிட்டுடலாம். நேத்து போட்டுப் பாத்தேன், உண்மையில ஏழு சதவீதம் ஏறியிருக்கு. ஆர்டரெல்லாம் நீங்க பிடிச்சது. லீவு முடிஞ்சதும் எல்லார் முன்னாடியும் காட்டிடறேன். உங்க வேலை திரும்பக் கிடைச்சிடும்."

"அந்தப் பெரிய அம்பு என்னாகும்?"

"சின்னதாயிடும்."

"அறிவிச்ச ஒரு மாசச் சம்பளம்?"

"அதெப்படி மேடம் ஏழு சதவீதத்துக்குத் தருவாங்க?"

அஸ்பசியா மெழுகுவர்த்தியைப் பைக்குள் வைத்தார். வரிசையில் பின்னால் நின்றவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்.

"கிடங்குல என் வீட்டுக்காரர் வேலை பாக்குறாரே, அவருக்கும் அது உண்டாடா?"

"எல்லாருக்கும் உண்டு மேடம்."

"அப்ப அந்த அம்பு மேல கைய வெச்சுப் பாரு, ஒடிச்சுப்புடுவேன்."