நிங்சிக்கு வந்த ஆசை

"வாயைத் திறங்க. தலையையும் சேர்த்துக் கடிங்க. நான் பார்க்கணும்!"

கர்ப்பிணி மனைவி நிங்சியின் கட்டளை. தட்டில் கிடந்த கானாங்கெளுத்தி வாகினோவை முறைத்தது. ஜாவாவின் தெகல் கடற்கரையில் பிறந்தும், மீன் வாடை வந்தாலே நாலு தெரு தள்ளி ஓடும் ஒரே தையல்காரன் அவன்.

வம்பு ஆரம்பித்தது மருத்துவச்சி லஸ்த்ரியம்மா வீட்டில்.

"பிள்ளை மூளைக்கு ஒமேகா மூணு வேணும்ப்பா. அந்தக் கொழுப்பை உடம்பு தானா வேண்டிய அளவு செஞ்சுக்காது, சாப்பிட்டாத்தான் உண்டு. பொண்டாட்டிக்குக் கானாங்கெளுத்தி வாங்கிக் கொடு."

மூக்கைப் பொத்திக்கொண்டு வாங்கி வந்தான். நிங்சி தட்டைத் தள்ளினாள்.

"எனக்குக் குமட்டுதுங்க. நீங்க சாப்பிடுறதைப் பார்க்கத்தான் ஆசையா இருக்கு."

பிள்ளைத்தாய்ச்சியின் ஆசையைத் தட்டினால் பிறக்கும் குழந்தைக்கு ஜொள்ளு நிற்காதாம். அதற்குப் பயப்படாத புருஷன் அந்தத் தீவில் இன்னும் பிறக்கவில்லை. கண்ணை மூடி விழுங்கினான்.

ஆனால் பிள்ளைக்கு மூளை? கவலையில் ஒரு சட்டைக்கு மூன்று கை வைத்துத் தைத்தான்.

மறுநாள் மீனை மசித்து, டோஃபுவில் ஒளித்து, வாழையிலையில் சுட்டு நீட்டினான். நிங்சி முகர்ந்தாள்.

"திருட்டு வேலையா? அடடா, இதையும் நீங்க சாப்பிடணும்னு ஆசை வந்துடுச்சே!"

சாப்பிட்டான்.

அடுத்து, மீனெண்ணெய் மாத்திரைகளை உடைத்து மாங்காய்த் துண்டுகளில் ஊற்றிப் பிசறினான். ஊர்ப் பூனைகள் மொத்தமும் வாசலில் வந்து உட்கார்ந்தன.

"கிண்ணத்தை வழிச்சுச் சாப்பிடுங்க. பிள்ளை உதைக்குது பாருங்க!"

வழித்தான். வாகினோ ஏப்பம் விட்டால், மீன் கரையில்தான் இருக்கிறதென்று கடலுக்குப் போன படகுகள் திரும்பும் நிலைமை வந்துவிட்டது.

தாங்காமல் லஸ்த்ரியம்மா வீட்டுக்கு ஓடினான்.

"மோசம் போயிட்டேம்மா! பிள்ளைக்குப் போக வேண்டிய சத்தெல்லாம் என் வயித்துல! அவ ஒரு துண்டுகூடத் தொடலை. என் பிள்ளை மக்காப் பிறந்தா நான்தானே பாவி?"

லஸ்த்ரியம்மா சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்தினாள்.

"யாரு, நிங்சியா? மத்தியானமானா என் அடுப்படிக்கு வந்து ரெண்டு மீனை மிளகாய்ச் சம்பலோட முள்ளுவரைக்கும் உறிஞ்சிட்டுப் போறா. 'பிள்ளைக்கு நான் சாப்பிட்டுக்கறேன், மீனைக் கண்டு ஓடுற மனுஷனோட நெஞ்சுக்கும் அந்தச் சத்து வேணுமே, அதுக்கு யாரு சாப்பிடுறது'ன்னு அழுதா. அப்போ, 'அவன் சாப்பிடுறதைப் பார்க்க ஆசையா இருக்குன்னு சொல்லுடி'ன்னு நான்தான் சொல்லிக் கொடுத்தேன்!"