நாற்பத்திரண்டாவது கண்டனம்

மேற்கரைக் குடியரசை வரைபடத்தில் தேட வேண்டாம்; கிடைக்காது. கிடைத்தாலும் அந்த நாட்டார், "அது நாங்கள் இல்லை, பக்கத்து நாடு" என்று சொல்லிவிடுவார்கள். யாரும் எதையும் பேசலாம், எந்தத் திசையை நோக்கியும் நிற்கலாம் என்று அதன் அரசியல் சாசனத்தின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது. அதை நம்பித்தான் இரண்டு தலைமுறைக்கு முன்னால் கடல் தாண்டி ஒரு கூட்டம் வந்து குடியேறியது. தினமும் சில முறை கிழக்கே திரும்பி நின்று கடவுளை வணங்குவது அவர்கள் வழக்கம். அதனால் கிழக்கர் என்று பெயர். ரொட்டி சுட்டார்கள், டிராம் ஓட்டினார்கள், கப்பல் ஓட்டினார்கள், பிரசவம் பார்த்தார்கள். மிர்சான் என்ற கிழக்கர் பல் பிடுங்கினார். பிடுங்கிய பிறகும் நோயாளிகள் அவரைத் திட்டாததால் நல்ல வைத்தியர் என்றே சொல்ல வேண்டும்.

ஒருநாள் வடக்கு எல்லையில் கிழக்கன் ஒருவன், கடவுள் தன்னிடம் தனியாகப் பேசியதாகச் சொல்லித் தொங்குபாலத்தின் வடத்தை அறுத்துவிட்டான். ஏழு பேர் செத்துப்போனார்கள். மிர்சானுக்கு அன்று சோறு இறங்கவில்லை. அவர் மனைவி சுலைனா அழுதுகொண்டே இருந்தாள். செத்தவர்களில் ஒருத்தி அவளிடம் தையல் கற்றுக்கொண்டவள்.

அந்தத் துக்கம் உண்மையானது. ஆனால் அதில் அரசு முத்திரை இல்லை. இந்தக் குறையை அச்சத்துறை அமைச்சர் ஓட்விக் கண்டுபிடித்தார்.

"மாண்புமிகு உறுப்பினர்களே!" என்று அவையில் முழங்கினார். "கிழக்கர் அனைவரும் குற்றவாளிகள் என்று நான் ஒருபோதும் கூறமாட்டேன். கூறினால் வழக்குப் போடுவார்கள். அவர்கள் இதைக் கண்டித்தார்களா என்று மட்டுமே கேட்கிறேன். கண்டித்திருந்தால், ரசீது எங்கே?"

கைதட்டல் ஓயக் கால் மணி நேரம் ஆயிற்று. சட்டம் வந்தது. சம்பவம் எதிலாவது ஒரு கிழக்கரின் பெயர் அடிபட்டால், வயதுவந்த கிழக்கர் எல்லோரும் மாலை ஐந்து மணிக்குள் கண்டன அலுவலகத்துக்குப் போய்க் கையெழுத்திட்டு, அட்டையில் முத்திரை வாங்க வேண்டும். ஒருமுறை தவறினாலும் குடியிருப்பு உரிமை ரத்து. அடுத்த கப்பலில் ஏற்றி அனுப்பப்படுவார்கள். எங்கே அனுப்புவது என்று சட்டம் சொல்லவில்லை. மிர்சான் பிறந்தது அடுத்த தெருவில்.

முதல் கண்டனம் பாலத்துக்கு. இரண்டாவது, ஒரு கிழக்கர் டிராமில் சத்தமாகத் தும்மியதற்கு. ஏழாவது, ஒரு கிழக்கரின் ஆடு பூங்காவில் தேசிய மலரைத் தின்றதற்கு. மெல்லிய குரலில் கண்டித்தவர்கள் மனதில் எதையோ வைத்திருப்பதாகவும், உரக்கக் கண்டித்தவர்கள் நடிப்பதாகவும் குறிப்பெழுதக் கண்ணீர்ச் சோதனை அதிகாரி ஒருவர் நியமிக்கப்பட்டார்.

கண்டன நாட்களில் ரொட்டி வேகவில்லை. டிராம் ஓடவில்லை. ஒரு குழந்தை நின்றுபோன டிராமுக்குள்ளேயே பிறந்தது. 'நகரை முடக்கிய கிழக்கர்' என்று பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. அது பத்தொன்பதாவது சம்பவம் ஆயிற்று. வரிசையில் நின்றதால் வந்த தாமதத்தைக் கண்டிக்க, மறுநாள் எல்லோரும் மறுபடி வரிசையில் நின்றார்கள்.

எதிர்க்கட்சியான மனிதநேயக் கட்சி கொதித்தெழுந்தது. "இந்த அநீதியைப் பொறுக்க மாட்டோம்! நாங்கள் ஆட்சிக்கு வந்தால் வரிசைக்குப் பந்தல் போடுவோம்!" என்று வாக்குறுதி அளித்தது. ஓட்விக் அந்த யோசனையைத் தாமே எடுத்துக்கொண்டு, பந்தலின் கிழக்குப் பக்கத்தை மட்டும் அடைத்துவிட்டார்.

நகரச் சதுக்கத்தில் பெரிய பலகை ஒன்று நின்றது. ஒவ்வொரு கண்டனத்துக்கும் ஓர் ஆள் ஏணி போட்டு ஏறி, 'கிழக்கர் சம்பவங்கள்' என்ற இடத்தில் எண்ணை மாற்றுவான். தேர்தல் நெருங்கியதும் ஓட்விக் வானொலியில் பேசினார்: "நாற்பத்தொன்று! நானா சொல்கிறேன்? அவர்களே கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டிருக்கிறார்கள்!"

கேட்டவர்களில் துல்லோ ஒருவன். மிர்சானிடம் இரண்டு பல் பிடுங்கிக்கொண்டவன். மறுநாள் காலை பத்து மணிக்கு எரியும் பாட்டில் ஒன்றை அவருடைய மருத்துவமனை ஜன்னலுக்குள் எறிந்தான். நாற்காலியில் வாயைத் திறந்தபடி கிடந்த மேற்கரைக் கிழவர் ஒருவர் மேல் பற்றிய தீயைச் சுலைனா வெறுங்கையால் அடித்து அணைத்தாள். கிழவர் பிழைத்தார். அவளுடைய இரண்டு கைகளும் முழங்கை வரை வெந்துவிட்டன.

அவளுக்குக் கட்டுப் போட்டுப் படுக்க வைத்துவிட்டு, நான்கரை மணிக்கு மிர்சான் கண்டன அலுவலகத்துக்கு ஓடினார். பந்தல் காலியாக இருந்தது. குமாஸ்தா கோர்னா பல்வலியோடு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என்னம்மா, துல்லோவோட ஆளுங்க யாரும் கண்டிக்க வரலையா?"

"அவருக்கு ஏது ஆளுங்க, டாக்டர்? அவர் தனிமனுஷர். மனசு சரியில்லையாம். சின்ன வயசுல வளர்த்த நாய் செத்துப்போச்சாம், பாவம்."

"அப்ப நான் எதுக்கு?"

"சம்பவத்துல கிழக்கர் பேரு இருக்கே. உங்க பேருதான். மத்தவங்க எல்லாம் மத்தியானமே போட்டுட்டாங்க. நீங்களும் வீட்டம்மாவும்தான் பாக்கி."

தன் மருத்துவமனை எரிந்ததைத் தானே கண்டித்து மிர்சான் கையெழுத்துப் போட்டார். பிறகு சுலைனாவின் அட்டையை நீட்டினார்.

"அவளுக்கு ரெண்டு கையும் கட்டுல இருக்கும்மா. பேனா பிடிக்க முடியாது."

"கைநாட்டு?"

"விரல் வெளியில இருந்தாத்தானே வைக்கிறதுக்கு?"

"அப்ப 'மறுப்பு'ன்னுதான் போடணும். வேற கட்டம் இல்லை டாக்டர்."

கோர்னாவுக்கு உண்மையிலேயே வருத்தம்தான். நல்ல பெண். ஐந்து மணிக்குக் கதவைச் சாத்தினாள்.

அன்று மாலையே வானொலி அலறியது. "நாற்பத்திரண்டு! அதிலும் ஒருத்தி, தீ வைத்ததைக் கண்டிக்கவே மறுத்துவிட்டாள்! இதைத்தானே இத்தனை நாளாகச் சொல்லி வந்தேன்!"

"நான் எப்ப மறுத்தேன்?" என்று சுலைனா படுத்தபடியே கேட்டாள். மிர்சான் அவளுக்குக் கஞ்சியை ஊட்டினார்.

மறுநாள் எட்டு மணிக்கே வரிசை பந்தலைத் தாண்டி நின்றது. நாற்பத்துமூன்றாவது சம்பவம்: சுலைனா கண்டிக்க மறுத்தது. மிர்சானின் முறை வந்தபோது கோர்னா தாளை நகர்த்தினாள். 'சுலைனா என்பவளின் செயலை மனமாரக் கண்டிக்கிறேன்' என்று அச்சிட்டிருந்தது. தும்மலுக்கும் ஆட்டுக்கும் கையெழுத்திட்டுப் பழகிய கை, தானாகவே பேனாவை எடுத்துவிட்டது. அவர் அதைத் திரும்ப வைத்தார்.

"போடுங்க டாக்டர், பின்னால ஆளு நிக்குது."

"மாட்டேம்மா."

"கப்பல்ல ஏத்திடுவாங்க!"

"தெரியும். அவளுக்குக் கட்டு மாத்தற நேரமாச்சு."

"அப்ப திங்கக்கிழமை என் கடைவாய்ப் பல்லு?"

"அமைச்சர்கிட்டக் காட்டுங்க. வாய் விஷயத்துல அவரை மிஞ்ச ஆள் இல்லை."

அடுத்து நின்ற ரொட்டிக்காரர் தாளைப் படித்தார். அவரும் பேனாவை வைத்துவிட்டு, "டாக்டர், இருங்க, நானும் வரேன்" என்று நடந்தார். அதற்கடுத்தவளும் நடந்தாள். ஒவ்வொரு மறுப்பும் புதிய சம்பவம் ஆனதால், பலகைக்காரன் ஏணியிலிருந்து இறங்க நேரமில்லாமல் மேலேயே நின்றுகொண்டான்.

உச்சிவேளைக்குள், மறுத்தவர்கள் நாலாயிரம் பேர் என்று ஓட்விக்குக் கணக்குப் போனது. இவ்வளவு பெரிய எண்ணை அவர் கனவிலும் எதிர்பார்க்கவில்லை. முகமெல்லாம் மலர, கப்பல்களை உடனே தயார் செய்யும்படி துறைமுகத்துக்கு ஆளனுப்பினார்.

போன ஆள் மூச்சிரைக்கத் திரும்பி வந்தான். "ஐயா, கப்பல் ஓட்டுறவங்க எல்லாரும் அந்த நாலாயிரத்துல இருக்காங்க."