நைஸ் கரடியும் கடைசித் தேன் பானையும்

ஒரு காட்டில், செல்போன் டவர் கிடைக்கிற ஒரே பாறைக்குப் பக்கத்தில், பூங்காவனம் என்றொரு கரடி இரண்டு குட்டிகளோடு குடியிருந்தாள். தேன் எடுப்பதில் கெட்டிக்காரி. இல்லை என்று சொல்லத்தான் வாய் வராது. "அக்கா, வீட்டுக்கு விருந்தாளி வந்துட்டாங்க" என்று ஓநாய் வரும்; ஒரு பானை போகும். "சும்மா டேஸ்ட்டுக்குக்கா" என்று குரங்கு வரும்; பானையே திரும்பாது. அப்புறம் காட்டின் வாட்ஸப் குரூப்பில் ஆளாளுக்கு "பூங்காவனம் அக்கா ஸோ நைஸ்" என்று போட்டு, கூடவே ஒரு இதயம். அவளும் அதைத் திரும்பத் திரும்பப் படித்துப் பூரித்துப்போவாள். பூரிப்பு இருமலுக்கு ஆகுமா?

மழை பிடித்துக்கொண்டது. குட்டிகள் இரண்டும் லொக்கு லொக்கென்று இருமின. மருந்துக்கென்று மிச்சமிருந்தது ஒரே ஒரு பானைத் தேன். அந்த நேரம் பார்த்து நரி தனசீலன் குரூப்பில் போட்டான்: "அக்கா, பானையை எடுத்து வைங்க, வந்துட்டே இருக்கேன். யூ ஆர் ஸோ நைஸ்!"

பக்கத்து மரத்தில் ஆந்தை எமெல்டா மிஸ். ரிட்டயரான இங்கிலீஷ் டீச்சர். கேட்காமலே பாடம் எடுப்பாள்.

"ஏம்மா, அந்த நைஸ் எங்கேர்ந்து வந்துதுன்னு தெரியுமா? லத்தீன். ஒண்ணும் தெரியாதவன்னு அர்த்தம். அந்தக் காலத்து இங்கிலீஷ்காரன் முட்டாளைத்தான் நைஸ்னு சொன்னான். அது தேய்ஞ்சு தேய்ஞ்சு இப்போ நல்லவன்னு ஆயிடுச்சு."

பூங்காவனத்துக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. பானையும் கையுமாக வாசலிலேயே நரியை மறித்தாள்.

"ஏன்டா, இத்தனை நாளா என்னை முட்டாள்னா சொன்னே?"

நரி கொஞ்சமும் அசரவில்லை. "ஆமாக்கா. நாங்க எல்லாரும் அந்தப் பழைய அர்த்தத்துலதான் சொன்னோம். நீங்கதான் புது அர்த்தத்துல எடுத்துக்கிட்டீங்க."

"லத்தீன் அர்த்தத்துலயா?"

"சுத்த லத்தீன்."

பூங்காவனத்துக்கு ஏறிய கோபம் சட்டென்று இறங்கியது. பானையை இறுக்கிப் பிடித்திருந்த கை தளர்ந்தது. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காத தன்னை, இந்தக் காடே ஒன்றுகூடி லத்தீனில் திட்டியிருக்கிறது! இவ்வளவு படித்தவர்களை வெறுங்கையோடு அனுப்புவதா? மழைத்தண்ணீர் விழாமல் ஒரு தேக்கிலையால் மூடி, பானையை நரியிடம் கொடுத்தாள்.

உள்ளே குட்டிகள் இருமின.

"சும்மா இருங்கடா," என்று அதட்டினாள், "பெரியவங்க இங்கிலீஷ் பேசறப்போ."

நீதி: முட்டாள் என்று தமிழில் சொன்னால் அடி விழும், லத்தீனில் சொன்னால் தேன் கிடைக்கும்.