நாடி பார்த்த அம்மான்

எங்கள் வீட்டின் மூன்றாவது அறையைக் கைப்பற்றுவதென்று என் கணவர் ஜெகதீஸ்வரன் தீர்மானித்தார். அதற்கு அவர் எடுத்த ஆயுதம் நித்திரையின்மை.

அந்த அறை என் நூலகம். அவருடைய கற்பனையிலோ அது ஒரு கட்டிலும் சுவரளவு தொலைக்காட்சியும் கொண்ட தனிக் கன்டோன், சுவிஸ் நாட்டின் தன்னாட்சி மாநிலங்களைப் போல.

"உம்மட குறட்டையிலதான் எனக்கு நித்திரை இல்லை."

"மத்தியானம் சாப்பிட்டுட்டு வெயில் தாழும் மட்டும் படுக்கிறது ஆர்?"

"அது நித்திரை இல்லை. ஓய்வு."

"ஓய்வுக்கும் குறட்டை வருமோ?"

வழக்குத் தீர்க்க நடுவர் ஒருவர் தேவைப்பட்டார். சாதாரண வைத்தியர் குளிசை தந்து அனுப்பிவிடுவார்; சீன வைத்தியர்தான் வீட்டு நிலைமை முழுவதையும் விசாரிப்பார் என்று எவரோ இவருக்குச் சொல்லியிருந்தார்கள். எனக்கும் அந்த வைத்தியத்தைப் பார்த்தறியும் ஆவல் இருந்தது. லுசேர்ண் ரயில் நிலையத்துக்கு அருகே ஒரு கதவின் முன் நின்றோம். அதில் 'அம்மான்' என்று பெயர் பொறித்திருந்தது.

"சீனனுக்கு அம்மான் எண்டு பேரோ?"

"அது சுவிஸ்காரற்ர பேர்."

வெண்தாடிக் கிழவரை எதிர்பார்த்துச் சென்றவரை, சீனாவில் பயின்று வந்த செம்பட்டை முடிப் பெண்மணி வரவேற்றார். "அம்மான் எண்டா ஆம்பிளை எல்லோ!" என்று என் காதில் முறையிட்டார் கணவர்.

இவருடைய ஜெர்மன், ஹோட்டல் சமையலறையில் கோப்பை கழுவியபோது கற்றது. கோப்பைகளோடு உரையாடப் போதுமானது. ஆகவே மொழிபெயர்ப்பு என் பொறுப்பாயிற்று.

"நாடி பாக்கப் போறா," என்றேன்.

அவர் முகத்தை நிமிர்த்தித் தாடையை நீட்டினார். "காலமைதான் சவரம் எடுத்தனான்."

"அந்த நாடி இல்லை. கையைக் குடுங்கோ."

அம்மையார் மூன்று விரல்களை அவர் மணிக்கட்டில் பதித்துக் கண்களை மூடி நெடுநேரம் கேட்டார். பின்பு நாக்கை நீட்டச் சொல்லி, நுனியையும் ஓரங்களையும் தேசப்படம் போல வாசித்தார். மணமான நாள் முதல் அந்த நாக்கைக் கேட்டு வருகிறேன்; பார்த்தது அன்றுதான். இலந்தை விதை சேர்ந்த கஷாயம் தருவதாக அம்மையார் சொன்னார்.

"இலந்தைக்கொட்டையோ! அப்ப நாங்கள் துப்பினதெல்லாம் மருந்தோ?" என்று வியந்தார் கணவர்.

அம்மையார் மேலும் சொன்னார்: பகலில் உறங்க வேண்டாம், மாலையில் வெந்நீரில் கால்களை வையுங்கள், சில நாள் தனியறையில் படுத்தும் பார்க்கலாம்.

என் நூலகம் ஆட்டங்கண்டது.

"சிம்மர் எண்டு என்னவோ சொன்னாவே?" ஹோட்டலில் உழைத்தவருக்கு அறை என்ற சொல் தெரியாமலா போகும்?

"படுக்கிற அறைக்குள்ள தேத்தண்ணி கொண்டு போகக் கூடாதாம். பகல் நித்திரையும் கூடாதாம்."

"வேற?"

"இரவுச் சாப்பாடு முடிய, ரெண்டு கையையும் மணிக்கட்டு மட்டும் சுடுதண்ணிக்குள்ள வைச்சிருக்க வேணுமாம்."

"சும்மாவோ?"

"அசைச்சுக்கொண்டு. கோப்பை கழுவுற மாதிரி."

"இதென்ன கோதாரி வைத்தியம்?"

"ஹோட்டலில கழுவின காலத்தில உங்களுக்கு நித்திரை வராமல் இருந்ததோ?"

அவர் ஆழ்ந்து யோசித்தார். "இல்லை. விழுந்த உடன நித்திரை." சீனத்தாரின் ஞானத்தை எண்ணித் தலையை ஆட்டினார்.

அதன்பின் பகலுறக்கம் ஒழிந்தது. கஷாயம் இறங்கியது. கோப்பைகள் மின்னின. அவர் கட்டில் அதிர உறங்கினார்.

மறுமுறை சென்றபோது, மகிழ்ச்சி மிகுதியால் என்னை முந்திக்கொண்டு தம் சொந்த ஜெர்மனில் அறிக்கை சமர்ப்பித்தார்: இரவு, சுடுதண்ணீர், கை, கோப்பை, நித்திரை, மிக நன்று.

அம்மையாரின் புருவங்கள் உயர்ந்தன. அவர் என்னை நோக்கினார். நான் சுவரிலிருந்த நரம்புப் படத்தை ஆராய்ந்தேன். என் நூல்கள் யாவும் அவருடைய அடுத்த சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தன.

அவர் என் பக்கம் சாய்ந்து தாழ்ந்த குரலில் கேட்டார்: "என் கணவருக்கும் நித்திரை வருவதில்லை. கோப்பை மட்டும் போதுமா?"

"என்னவாம்?" என்றார் என்னவர்.

"கோப்பை மட்டும் போதாதாம். சட்டி பானையும் கழுவட்டாம்."