பம்ப்புக்கு வச்ச பொட்டு

எனக்குத் துரோகம் பண்ணின ஆளை முதல்லயே சொல்லிடுறேன். ஸ்ரீவில்லிபுத்தூர் டீசல் பம்ப் மெக்கானிக் தங்கப்பாண்டி. எனக்குப் பங்காளி முறை வேற.

அன்னைக்கு வேலை ரொம்பச் சின்னது. என் வண்டியை அவன்கிட்டக் காட்டி, பம்ப்பைச் சரி பண்ணி, புகையைக் குறைச்சுட்டு வரணும். அவ்வளவுதான்.

எண்பதுகளின் கடைசி. ராஜபாளையத்துல வாடகை வண்டி ஓட்டிக்கிட்டிருந்தேன். டீசல் என்ஜின் மாத்தின பழைய அம்பாசிடர். புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை, ரிட்டயர்டு சுபேதார் ஒருத்தரை அந்த வண்டியில கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகணும். அவர் மகனுக்கு என் மகளைப் பேசிக்கிட்டிருந்தோம்.

"திருவண்ணாமலைப் பெருமாளைக் கும்பிட்டுட்டு வாக்குக் கொடுக்கேன்"னு சொல்லியிருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துல இருக்கிற மலைக்கோயில் அது.

மனுசன் மிலிட்டரியில வண்டிப் பிரிவு. வண்டியைப் பார்த்தே ஆளை எடை போடுவாராம். அதுக்குத்தான் இந்த ஏற்பாடு.

தங்கப்பாண்டி பம்ப்பைக் கழட்டி மாட்டினான். அந்தப் பம்ப்பைப் பிடிச்சிருக்கிறது மூணு நட்டு. நட்டைத் தளர்த்தி ஒரு நூல் அந்தப் பக்கம் திருப்பினா டீசல் முந்திப் பாயும், என்ஜின் இடிக்கும். இந்தப் பக்கம் திருப்பினா பிந்திப் பாயும், புகை தள்ளும். நடுவுல ஒரே ஒரு இடம்தான் சரி. அதைப் பிடிக்கிறதுக்குப் பேர்தான் டைமிங் வைக்கிறது.

"அண்ணே, இந்தா பாருங்க. பம்ப்புல ஒண்ணு, என்ஜின்ல ஒண்ணு, சிவப்புப் பெயிண்ட்ல அடையாளம் வச்சிருக்கேன். ரெண்டும் நேருக்கு நேர் நிக்கணும். கை வச்சுராதீக."

"நான் என்னலே சின்னப் பிள்ளையா?"

உளியால ஒரு கோடு வெட்டியிருக்கலாம்ல? பெயிண்ட் வச்சான்! அதுதான் முதல் துரோகம்.

மறுநாள் ஆயுத பூஜை. வண்டியைக் கழுவினேன். வெளியே மட்டும் கழுவினா அது என்ன பக்தி? என்ஜின்லயும் மண்ணெண்ணெயை ஊத்தி பிரஷ்ஷால தேய்ச்சேன். கண்ணாடி மாதிரி ஆயிருச்சு. பொறவு பேட்டரி, ரேடியேட்டர் எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம். பம்ப்பையும் அது உட்கார்ற இடத்தையும் சுத்தி மட்டும் ஏழு பொட்டு.

"அதுக்கு எதுக்கு அம்புட்டு?"ன்னா என் வீட்டுக்காரி.

"ஏட்டி, என்ஜினுக்கு நெஞ்சே அதான்!"

ஈரப் பெயிண்ட் மண்ணெண்ணெயோட போயிருச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?

வெள்ளிக்கிழமை டாக்ஸி ஸ்டாண்டுல காதர் ஆரம்பிச்சான். அவனும் வண்டி ஓட்டுறவன்தான். "புகை இல்ல மாமா. ஆனா இழுவை பத்தலையே. பம்ப்பை ஒரு நூல் திருப்பினா குதிரை மாதிரி போகும்."

திருப்பினேன். ஸ்டார்ட் பண்ணேன். உள்ளே யாரோ சம்மட்டியால அடிக்கிற மாதிரி ஒரு இடி! டீக்கடை பெஞ்சுல இருந்தவங்க எழுந்துட்டாங்க.

"நான் பேச்சுக்குச் சொன்னேன் மாமா!"ன்னு காதர் நழுவிட்டான்.

நான் பதறலை. அதான் அடையாளம் இருக்கே! பம்ப்புல ஒண்ணு, என்ஜின்ல ஒண்ணு, சிவப்பா ரெண்டு கண்ணுல பட்டுச்சு. நேருக்கு நேர் நிறுத்தி நட்டை முறுக்கிட்டேன். இடி நின்னுருச்சு. என் மூளையை நானே மெச்சிக்கிட்டேன்.

சனிக்கிழமை காலையில சுபேதார் முன் சீட்டுல விறைப்பா உட்கார்ந்தார். வண்டி லேசா வெள்ளைப் புகை விட்டுச்சு. "குளிர் சார். சூடானா நின்னுரும்"னேன்.

சூடாச்சு. நிக்கலை. ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டுறதுக்குள்ள பின்னாடி ரோட்டையே காணோம். சைக்கிள்காரன் ஒருத்தன் எங்களை முந்திப் போறான், போறப்ப திரும்பிப் பார்த்துச் சிரிக்கான்.

கோயில் பக்கம் நல்ல கூட்டம். "கோவிந்தா! கோவிந்தா!"ன்னு நடந்து வந்தவங்க எங்க புகைக்குள்ள போனாங்க. சத்தம் மட்டும் வந்துச்சு, ஆளைக் காணோம். இருமிக்கிட்டே ஒருத்தர் கத்தினார்: "ஏலே, முனிசிபாலிட்டிக் கொசு மருந்து வண்டியைக் கோயிலுக்கு எவம்லே விட்டது?"

வண்டி அங்கேயே நின்னுருச்சு.

சுபேதார் இறங்கினார். பானெட்டைத் திறந்தார்.

"பம்ப்பை யாரு தொட்டது?"

"அடையாளப்படிதான் சார் வச்சேன்."

ஒரு அடையாளத்தை விரலால தொட்டு நெத்தியில வச்சுக்கிட்டார். "குங்குமம்"னார்.

தங்கப்பாண்டிக்கு ஆள் அனுப்பினேன். சைக்கிள்ல வந்தான். பங்காளியைக் காப்பாத்துவான்னு பார்த்தா, வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கான்! "அண்ணே, சாமி கும்பிட்டீக சரி. அதைப் பார்த்து டைமிங்குமா வைப்பீக?"

பொறவு என்ஜினை ஓட விட்டு, காதை வச்சுக் கேட்டுக் கேட்டு, பம்ப்பை மயிரளவு மயிரளவாத் திருப்பினான். சுபேதார் பக்கத்துல குனிஞ்சு, "இன்னும் கொஞ்சம்... போதும்... அங்கேயே நிறுத்து"ன்னார். புகை நின்னுச்சு. ரெண்டு பேரும் கையிலே கிரீஸோட சிரிச்சாங்க. நான் ஓரமா ஸ்பேனர் பிடிச்சுக்கிட்டு நின்னேன், என் வண்டிக்கே!

திரும்பி வரும்போது சுபேதார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அந்தத் தம்பிக்கு எத்தனை பிள்ளைக?"

"ஒரே மகள்தான் சார்"னு நானே சொன்னேன். என் வாயாலயே!

தை மாசம் பத்திரிகை வந்துச்சு. சுபேதார் மகனுக்கும் தங்கப்பாண்டி மகளுக்கும் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு என் வண்டியையே கேட்டான் பாவி தங்கப்பாண்டி. ஓட்டினேன். ஒரு பொட்டுப் புகை வரலை.

என் மகள் என்னடான்னா, "நல்லதாப் போச்சுப்பா. அந்த வீட்டுல விடியுமுன்ன எந்திருச்சு வரிசையில நிக்கணுமாம்"னு சிரிக்கா. அவளும் பின்னாடி சேத்தூர்ல நல்லபடியா வாக்கப்பட்டா. அந்த மாப்பிள்ளையை நானா அலைஞ்சு தேடினேன், அதைக் கணக்குல சேர்க்க முடியாது.

தங்கப்பாண்டி எனக்கு இன்னும் ஒரு மாப்பிள்ளை பாக்கி.