தேர்வடமும் ஒரு சோடி சொக்ஸும்

எனக்குப் பயம் வந்தால் யாருக்காவது நன்மை செய்யத் தொடங்கிவிடுவேன். இது ஒரு நோய். மற்றவர்கள் பயம் வந்தால் நகம் கடிப்பார்கள், அலுமாரி அடுக்குவார்கள். நான் பக்கத்தில் நிற்பவரைப் பிடித்து உதவுவேன். அப்படி என்னால் உதவப்பட்டு உருப்படாமல் போனவர்களில் முதலிடம் தீபோவுக்குத்தான். மொன்றியல் அஹுன்ட்சிக்கில் எங்கள் வீட்டு பேஸ்மென்டில் வாடகைக்கு இருந்த பிரெஞ்சுப் பந்தாட்டக்காரன். என் கணவர் முதல் நாளே அவனைத் தீபன் ஆக்கிவிட்டார்.

தீபன் நடுக்கள ஆட்டக்காரன். கோல் அடிப்பவனுக்கும் கோலைத் தடுப்பவனுக்கும் இடையில் ஆட்டம் முழுக்க ஓடிவிட்டு, யாரும் பெயர் சொல்லாமல் வீட்டுக்குப் போகிறவன்தான் நடுக்களம் என்று மகள் ஆரணி எனக்கு விளக்கியிருந்தாள். (இந்த வீட்டில் அந்த இடத்தில் நான்தான் ஆடுகிறேன் என்றேன். யாரும் சிரிக்கவில்லை.)

சிறுவயதில் பிரான்சின் பெரிய கழகமொன்றின் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, மீசை முளைக்கும் வயதில் வேண்டாமென்று அனுப்பப்பட்டவன். பிறகு மூன்றாம் பிரிவு, நான்காம் பிரிவு, லக்சம்பேர்க், பின்லாந்து என்று இறங்கி இறங்கி மொன்றியலில் ஒரு சின்னக் கழகத்துக்கு வந்து சேர்ந்தான். பகலில் ஜான்-டலோன் சந்தையில் தக்காளிப் பெட்டி இறக்குவான். பின்னேரம் விளையாடுவான். வயது முப்பதை நெருங்கியிருந்தது. பந்தாட்டத்தில் அது கிட்டத்தட்ட ஓய்வூதிய வயதாம்.

அந்தக் கோடையில் மேற்பிரிவுக் கழகம் ஒன்று அவனைத் திங்கட்கிழமை காலை வந்து ஆடிக் காட்டச் சொன்னது. சரிவந்தால் ஒப்பந்தம். சரிவராவிட்டால் ஊருக்குத் திரும்பி மாமாவோடு கூரை வேலை என்று ஆரணியிடம் சொல்லியிருந்தான். பிரான்சிலிருந்து அவனுடைய அம்மா வீடியோவில் என்னைக் கூப்பிட்டு, "மகனைப் பார்த்துக்கொள்ளுங்கள், மதாம்" என்றார். ஒரு தாய் இன்னொரு தாயிடம் அப்படிச் சொல்லக்கூடாது. அதுவும் என்னிடம்!

எனக்குப் பயம் வந்துவிட்டது. அந்தத் திங்களுக்கு முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை, கோயில் தேர்.

"அவனை ஏனப்பா இழுக்கிறீர்? பெடியன் வீட்டில படுத்து நித்திரை கொள்ளட்டும்" என்றார் கணவர்.

"ஒரு அர்ச்சனை செய்துபோட்டு வாறதுதானே. முருகன் கைவிடமாட்டார்."

"முருகன் கைவிடமாட்டார் எண்டது தெரியும். நீர் கையை விடும்."

விடவில்லை. அவனையும் காரில் ஏற்றினேன்.

கோயில் வாசலில் எல்லோரும் செருப்பைக் கழற்றினோம். அவனும் சப்பாத்தைக் கழற்றினான். பிறகு தன் வெள்ளை சொக்ஸைக் காட்டி, இதையுமா என்பதுபோல் என்னைப் பார்த்தான். இங்கே என் பிரெஞ்சைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் கார்டெரியில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிறவள். கையைக் கழுவு, கோட்டைக் கழற்று, தள்ளாதே, தள்ளினால் பார்தோன் என்று மன்னிப்புக் கேளு, இவ்வளவுதான் எனக்குச் சரளமாக வரும். ஆகவே மிகச் சரளமாக, "எல்லாத்தையும் கழற்று, செல்லம்" என்றேன். அவன் கழற்றினான்.

ஆடி மாத வெயில். தார் றோட்டு அடுப்பில் வைத்த தோசைக்கல்லாக இருந்தது. தொண்டர்கள் தேருக்கு முன்னால் குழாயால் தண்ணீர் அடித்துக்கொண்டு போனார்கள். ஈரம் நடுவில் மட்டும்தான். தீபன் புத்தியாக ஈரத்தில்தான் நின்றான். அவனைக் கையைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தவள் நான். அங்கேதான் வெளிச்சம் நன்றாக இருந்தது. அவனுடைய அம்மாவுக்குப் படம் அனுப்ப வேண்டாமா?

அனுப்பினேன். "உங்கள் மகன் பத்திரமாக இருக்கிறான்" என்று எழுதியும் விட்டேன்.

அவன் வடத்தைப் பிடித்து வீதி முழுக்க இழுத்தான். கூட்டம் "அரோகரா" என்றபோது அவனும் ஏதோ கத்தினான். அது பக்தி என்று நினைத்தேன். கீழ்ப்பிரிவுகளில் ஆடுகிறவர்கள் வலியை வெளியில் காட்டமாட்டார்களாம். காட்டினால் அடுத்த ஆட்டத்துக்கு வேறு ஆளாம். இதை ஆரணி எனக்குப் பிறகுதான் சொன்னாள்.

பக்கத்தில் வந்த அம்மா ஒருவர் உருகிப்போனார்.

"வெள்ளைக்காரப் பெடியனுக்கு என்ன பக்தி, பாருங்கோ!"

"எங்கட பெடியன்தான்" என்றேன், பெற்றவளைப்போல.

தேர் இருப்புக்கு வந்தபின் வாசலில் ஆரணி அவன் சப்பாத்தை நீட்டினாள். அவனால் போட முடியவில்லை. நிலத்தில் உட்கார்ந்து பாதத்தைத் திருப்பிக் காட்டினான். இரண்டிலும் கொப்புளம்.

"அம்மா! சொக்ஸ் எங்க?"

"கோயிலுக்குள்ள எப்படி பிள்ளை சொக்ஸோட..."

"அங்க பாருங்கோ!"

பார்த்தேன். வடம் பிடித்தவர்களில் பாதிப்பேர் சொக்ஸோடு நின்றார்கள். எல்லோரையும் ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த நிர்வாகசபை அண்ணை முழங்கால்வரை கறுப்புச் சொக்ஸ் போட்டிருந்தார். அந்தக் கோயிலுக்கு வருஷக்கணக்காகப் போகிறவள் நான். முகங்களைப் பார்த்தேன், சேலைகளைப் பார்த்தேன், ஒருவர் காலைக்கூடப் பார்த்ததில்லை.

திங்கள் காலை பாதங்களைத் துணியால் சுற்றிக்கொண்டு போனான். கணவரும் ஆரணியும் கூடப் போனார்கள். என்னை வரவேண்டாம் என்றார்கள். (நியாயம்தான்.) முதல் பாதி முடியுமுன்பே அவனை வெளியே எடுத்துவிட்டார்களாம். என்ன நடந்தது என்று பயிற்சியாளர் கேட்டதற்கு, "புதுச் சப்பாத்து" என்றானாம். என் பெயரைச் சொல்லவில்லை. என்னைத் திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சமைத்துக் கொடுத்திருப்பேன். அவன் அந்த வாய்ப்பையும் தரவில்லை.

அன்று மாலை அவனுடைய அம்மா கூப்பிட்டார். படத்தில் அவன் காலைப் பார்த்திருந்தார். வாயில் வந்த ஒரே சொல்லைத்தான் சொன்னேன். கார்டெரிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற அதே "பார்தோன்". திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர், கடைசிவரை இழுத்தானா என்று கேட்டார். இழுத்தான் என்றேன்.

"சின்ன வயதிலும் அப்படித்தான்" என்றார். "வலிக்குது என்று சொல்லவே மாட்டான்."

இலை உதிரும் காலத்தில் தீபன் ஊருக்குப் போனான். இப்போது வார நாட்களில் கூரை வேலை, வார இறுதியில் ஊர்க் கழகத்தில் நடுக்களம். கோடை வந்தால் பிரான்சிலிருந்து ஒரு பொதி வரும். வீட்டில் எல்லோருக்கும் ஆளுக்கொரு சோடி சொக்ஸ். அது மன்னிப்பா, குத்தலா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. வீட்டில் நான் யாருக்காவது உதவப் போகிறேன் என்று எழும்பினால் போதும், கணவர் ஆரணியைக் கூப்பிடுவார். "பிள்ளை, அந்த ஆளை முதல்ல சொக்ஸைப் போடச் சொல்லு!"

போன தேருக்கு அந்தச் சொக்ஸைப் போட்டுக்கொண்டு போனேன். நல்ல தடித்த நீலச் சொக்ஸ். வேண்டுமென்றே தண்ணீர் படாத ஓரத்தில் நின்று வடம் பிடித்தேன். கால் கொஞ்சமும் சுடவில்லை. தேர் இருப்புக்கு வரும்வரை கண்ணீர் நிற்கவுமில்லை.

பக்கத்தில் நின்ற ஒருவர் தன் மகளுக்கு என்னைக் காட்டினார்.

"பார் பிள்ளை, அந்த அன்ரிக்கு என்ன பக்தி!"