அக்காவின் பின்சக்கரத்தை நான் ரிஜெக்ட் செய்த கதை

தெரியாமல் தப்பு செய்கிறவனை மன்னித்துவிடலாம். எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு தப்பு செய்கிறவனைத்தான் வீட்டில் கட்டிப்போட வேண்டும். ஐந்து வருடங்களுக்கு முன்பு ஒரு சனிக்கிழமை மத்தியானம் என்னை யாரும் கட்டிப்போடவில்லை. அம்மா சாப்பாடு போட்டுவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். அப்பா டிவி முன்னால் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கிக்கொண்டிருந்தார். நான் கையில் ஸ்பேனரோடு தனியாக இருந்தேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. ஷூ டப்பாவுக்குள் போவதற்கு முன்னால் கடைசியாக அதைப் பார்க்கிற கண் என்னுடையது. இடதும் வலதும் ஒரே அளவா, ஒரே நிறமா, தையல் ஒரே உயரத்தில் போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் கூடவோ குறையவோ இருந்தாலும் அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்கிவிடுவேன். இதைக் கம்பெனியோடு விட்டுவிட்டு வீட்டுக்கு மனுஷனாக வந்திருக்கலாம். நான் வரவில்லை. கல்யாண மண்டபத்தில் குத்துவிளக்கு இரண்டும் ஒரே உயரமா என்று குனிந்து பார்ப்பேன். அம்மாவின் தோட்டில் ஒரு கல் மட்டும் மங்கலாக இருக்கிறது என்று விருந்தாளிகள் முன்னால் சொல்லி, மூன்று நாள் பேச்சுவார்த்தை இல்லாமல் சாப்பிட்டிருக்கிறேன். (பரிமாறுவது மட்டும் நிற்கவில்லை. தட்டு கொஞ்சம் சத்தமாக வந்து விழும்.)

செல்வி அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். உயரம் நாலடி பதினொரு அங்குலம். எங்கள் குடும்பத்துக்கும் உயரத்துக்கும் அவ்வளவு சிநேகம் கிடையாது. நானே ஐந்தடி ஒன்று, அதுவும் ஷூவோடு அளந்தால். ஆனால் இந்த நாலடி பதினொரு அங்குலம், லீவு நாளில் மற்றவர்கள் துணி துவைத்துக்கொண்டிருக்கும்போது, மலை மேல் ஏறி அங்கிருந்து கல்லும் வேருமான ஒற்றையடிப் பாதையில் சைக்கிளில் இறங்கும். இதற்கென்றே தடித்த டயரும் பெரிய ஷாக் அப்சார்பரும் வைத்த மலை சைக்கிள் இருக்கிறது. இதற்குப் போட்டியும் இருக்கிறது. மாநில அணிக்குத் தேர்வு நடக்கும். பெண்களில் மூன்று பேரை எடுப்பார்கள். அக்கா மூன்று வருடம் போய், மூன்று வருடமும் வெறுங்கையோடு வந்திருந்தாள். நாலாவது தடவையும் கிடைக்கவில்லையென்றால் சைக்கிளை யாருக்காவது கொடுத்துவிட்டு இந்தப் பேச்சையே விட்டுவிடுவேன் என்று அவளாகவே சொல்லியிருந்தாள். சொன்னதைச் செய்கிற ஜாதி அவள், அதுதான் பயம்.

அந்த நாலாவது தடவைக்காக பெங்களூரில் ஒருவரிடமிருந்து பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினாள். கூடவே இரண்டு பின்சக்கரங்கள் வந்தன. முன்சக்கரம் இருபத்தொன்பது இன்ச். பின்சக்கரம் ஒன்று அதே இருபத்தொன்பது, இன்னொன்று இருபத்தேழரை. எதை வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம். அதற்கேற்றபடி ஃபிரேமில் ஒரு சின்ன இரும்புத் துண்டைத் திருப்பிப் போட வேண்டும், அவ்வளவுதான். அக்கா ஒரு மாசம் இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டி, ஊருக்கு வெளியே இருக்கிற குன்றில் ஓட்டிப் பார்த்தாள். நோட்டில் எழுதினாள். ஒரு நாள் ராத்திரி தோசைக்கு நடுவில் முடிவைச் சொன்னாள். முன்னால் பெரியது, பின்னால் சின்னது.

எனக்குத் தோசை இறங்கவில்லை. ஒரு வண்டிக்கு இரண்டு சக்கரம், அதில் ஒன்று பெரிசு ஒன்று சின்னது என்றால் எங்கள் கம்பெனியில் அந்த லாட்டையே, மொத்தச் சரக்கையும், திருப்பி அனுப்புவார்கள் என்றேன். அக்கா சட்னியைத் தள்ளி வைத்துவிட்டு, பெரிய சக்கரம் கல்லில் ஏறிப் போய்விடும், சின்னச் சக்கரம் வளைவில் சீக்கிரம் திரும்பும், அது தவிர குள்ளமாக இருக்கிறவர்களுக்கு வேறு ஒரு காரணமும் இருக்கிறது என்று விளக்க ஆரம்பித்தாள். அந்த வேறு காரணத்தை நான் காதில் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் இந்தக் கட்டுரையும் இல்லை, ஒரு நல்ல பேன்ட்டும் மிச்சமாகியிருக்கும்.

தேர்வு ஞாயிற்றுக்கிழமை, ஏலகிரியில். அக்கா பாதையை நடந்து பார்ப்பதற்காக முந்தின நாளே மலைக்குப் போய்விட்டாள். சைக்கிளைத் துடைத்து, காற்றடித்து, மறுநாள் காலையில் கொண்டு வர வேண்டியது என் பொறுப்பு. துடைத்தேன். காற்றடித்தேன். பிறகு கொஞ்சம் தள்ளி நின்று, கம்பெனியில் நிற்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன். பார்க்கவே முடியவில்லை. பின்பக்கம் குந்திக்கொண்டு இருந்தது. பாவம் அக்கா, அவசரத்தில் தப்பு முடிவு எடுத்துவிட்டாள், நாம் சரி செய்து வைப்போம், நாளைக்குப் பார்த்து அசந்து போகட்டும் என்று நினைத்தேன். மாற்றியும் விட்டேன். அந்த இரும்புத் துண்டைக்கூட மறக்காமல் திருப்பிப் போட்டேன். அவ்வளவு விவரம். கழற்றிய சின்னச் சக்கரத்தைப் பரணில் ஏற்றினேன். ஏற்றுவதற்கு முன்னால் அதில் ஒரு சிவப்பு அம்பு ஒட்டினேன்.

மறுநாள் காலையில், கம்பெனியில் தோல் வெட்டுகிற தோஸ்த் இம்தியாஸ் அவன் அண்ணனுடைய லோடு வண்டியில் சைக்கிளையும் என்னையும் ஏற்றிக்கொண்டு போய் மலையில் இறக்கினான். ராணிப்பேட்டைக்கு லோடு இருக்கிறது என்று உடனே திரும்பிவிட்டான். அக்கா ஓடி வந்து போர்வையை விலக்கினாள். ஒரே பார்வைதான். முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"சின்னது எங்கடா?"

"பரண்ல கீது. நீ பேஜாராவாத, ரெண்டும் இப்ப கரெக்டா ஒரே சைஸ்" என்றேன். பாராட்டை எதிர்பார்த்துத்தான் சொன்னேன், சத்தியமாக.

அக்கா திட்டியிருந்தால் தேவலை. அவள் தலையைக் குனிந்து வாட்சைப் பார்த்தாள். தேர்வுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. ஆம்பூர் போய் வர அது போதாது. வந்திருந்த மற்றவர்களிடம் போய்க் கேட்டாள். அவள் சைக்கிளுக்குப் பொருந்துகிற சின்னப் பின்சக்கரம் யாரிடமும் இல்லை. திரும்பி வந்து ஒரு கல்லில் உட்கார்ந்தாள். கண் கலங்கியிருந்தது. நான் அப்போதாவது வாயை மூடியிருக்க வேண்டாமா? மூடவில்லை. இங்கே வந்திருக்கிற முக்கால்வாசிப் பேர் ஒரே அளவு சக்கரம்தான் வைத்திருக்கிறார்கள், போய்ப் பார் என்றேன். அவர்கள் எல்லாரும் உயரம், செங்குத்தாக இறங்கும்போது உடம்பைப் பின்னால் தள்ளினாலும் அவர்களுக்கு இடம் இருக்கும், எனக்கு இருக்காது என்றாள் அக்கா. அதுதான் அந்த வேறு காரணம். நான் விரலை மடக்கிக் கணக்குப் போட்டேன். குறுக்களவில் ஒன்றரை இன்ச் என்றால் மேலே ஏறுவது முக்கால் இன்ச்தான். முக்கால் இன்ச்சில் என்ன குடிமுழுகிப் போகும் என்று கேட்டேன். (ஒரு மில்லிமீட்டருக்கு ஒரு லாட்டையே நிறுத்துகிறவன் கேட்ட கேள்வி இது.)

"அப்ப நீ ஓட்டிக் காட்டு" என்றாள்.

காட்டினேன். ஆரம்பக் கூடாரத்துக்குப் பக்கத்தில் பயிற்சிக்காக ஒரு சரிவு இருந்தது. மேலேயிருந்து பார்த்தபோதுதான் அது சரிவு இல்லை, சுவர் என்று தெரிந்தது. அக்காவின் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, ஆபீஸ் பேன்ட்டோடு ஏறி உட்கார்ந்து, முருகா என்று பிரேக்கை விட்டேன். பயத்தில் மனுஷ உடம்பு தானாகவே பின்னால் போகிறது. யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. போன உடம்பின் உட்காருமிடத்தில் அந்த முக்கால் இன்ச் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தது. ஜர்ர்ர் என்று ஒரு சத்தம். டயர் என் பேன்ட்டைக் கவ்வி இழுத்தது. பேன்ட் முதலில் போனது, அதற்குக் கீழே இருந்த தோல் அடுத்தது. சைக்கிள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். சரளைக்கல்லில் உட்கார்ந்த நிலையிலேயே சறுக்கி, தேர்வுக் குழுவினர் டீ குடித்துக்கொண்டிருந்த மேஜைக்குக் கீழே போய் நின்றேன். பெல்ட் மட்டும் அப்படியே இருந்தது. ஆம்பூர் தோல்.

குழுவில் ஒரு அம்மா எழுந்து, தம்பி ஆண்கள் தேர்வு மத்தியானம்தானே என்று கனிவாகக் கேட்டார். என்னால் எழுந்திருக்க முடியவில்லை, எழுந்தால் பின்னால் நிற்பவர்களுக்குச் சங்கடம். அக்கா இறங்கி வந்து முதலில் சைக்கிளைத் தூக்கிப் பார்த்தாள். அதற்கு ஒன்றுமில்லை. பிறகுதான் என்னைப் பார்த்தாள். தோளில் இருந்த துண்டை எடுத்துப் போட்டாள். நான் இடுப்பில் சுற்றிக்கொண்டேன். அந்த நிமிஷம்தான், ஐயோ இதிலா அவளை இறங்கச் சொன்னோம் என்று உறைத்தது. வேண்டாம் அக்கா, வீட்டுக்குப் போய்விடலாம் என்று கெஞ்சினேன். அவள் ஹெல்மெட்டைக் கையில் வாங்கிக்கொண்டு மேலே ஏறினாள்.

பாதையின் நடுவில் ஒரு பாறை உண்டு. ஆள் உயரத்துக்கு வழுக்கிக்கொண்டு இறங்கும், கீழே உடனே திருப்பம். அங்கே போய் நின்றேன். அக்காவுக்கு முன்னால் வந்தவர்கள் எல்லாரும் நெடுநெடுவென்று இருந்தார்கள். பாறை விளிம்பில் உடம்பைப் பின்னால் தள்ளி இறங்கினார்கள். இரண்டு பேர் பயந்து பிரேக் பிடித்தார்கள். ஒருத்தி விழுந்தாள்.

அப்புறம் அக்கா வந்தாள். நான் அதுவரை அவள் ஓட்டிப் பார்த்ததில்லை. இத்தனை வருடமாக ஒரே வீட்டில் இருந்துகொண்டு, என் பக்கத்தில் உட்கார்ந்து தோசை தின்றவள் இதைச் செய்கிறாள் என்று எனக்குத் தெரியாது. மரங்களுக்கு நடுவில் முதலில் சத்தம் வந்தது, பிறகு ஒரு சின்ன உருவம். கல்லெல்லாம் அவளுக்கு வழி விடுகிற மாதிரி இருந்தது. பாறை விளிம்புக்கு வந்தபோது அவள் வேகத்தைக் குறைக்கவில்லை. உடம்பைப் பின்னால் கொண்டு போனாள், எவ்வளவு தூரம் போக வேண்டுமோ அவ்வளவும். எனக்குத் தெரிந்த அந்தச் சத்தம் கேட்டது. ஜர்ர்ர். என் தோல் கூசியது. அவள் முகம் சுளிக்கவில்லை, பிரேக்கில் விரல் அசையவில்லை, அந்தச் சத்தத்தோடேயே பாறை முழுக்க இறங்கி, திருப்பத்தில் சாய்ந்து, என் காலில் மண்ணை வாரியடித்துவிட்டுப் போய்விட்டாள். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என்னோடு பிறந்தவள் இவ்வளவு பெரிய ஆளா என்று நினைத்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

மூன்றாவது இடம். நாலாவதாக வந்தவளுக்கும் அக்காவுக்கும் ஒரு விநாடிகூட வித்தியாசம் இல்லை. (நியாயமாகச் சொன்னால், கீழே சமதளத்தில் பெரிய பின்சக்கரம் நன்றாக உருண்டது. இதை நான் அக்காவிடம் சொல்லவில்லை. எனக்கும் உயிர் மேல் ஆசை உண்டு.)

வேனில் இடம் தருகிறோம், ஆம்பூரில் இறக்கிவிடுகிறோம் என்றார்கள் தேர்வுக்கு வந்திருந்த சிலர். சைக்கிளை மட்டும் ஏற்றிவிட்டு, நாங்கள் பஸ்ஸில் வருகிறோம் என்றாள் அக்கா. வேனில் உட்கார வேண்டும், பஸ்ஸில் நிற்கலாம். வாணியம்பாடி பஸ் காலியாக வந்தது. பதினான்கு கொண்டை ஊசி வளைவும் இறங்கி முடிக்கிற வரை இரண்டு பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கண்டக்டர் இரண்டு தடவை எங்களைப் பார்த்தார்.

"இன்னாம்மா, இவ்ளோ சீட்டு காலியா கீது. உக்காரலாமே?"

"பரவால்லண்ணா" என்றோம் இருவரும் ஒரே நேரத்தில்.

கொஞ்ச தூரம் போனதும் மன்னித்துவிடு அக்கா என்றேன். அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அந்தப் பாறைல பிரேக்க பிடிச்சிடலாம்னுதான்டா இருந்தேன். கீழ பாத்தா நீ துண்ட கட்டிக்கினு வாயப் பொளந்துகினு நிக்கிற. சிரிப்பு வந்துடுச்சி. சிரிச்சதுல பயம் போய்ட்டுது."

பிறகு என் மண்டையில் ஒன்று போட்டாள். வலித்தது. அதற்காகவே காத்திருந்த மாதிரி இருந்தது எனக்கு.

பத்து நாள் அவள் பள்ளிக்கூடத்தில் நின்றபடியே இருந்தாள். டீச்சர் பயங்கர ஸ்ட்ரிக்ட் என்று பிள்ளைகள் நடுங்கினார்களாம். அந்த வருடம் மாநில அணியோடு இமாசலம் போனாள், சின்னப் பின்சக்கரத்தோடு. அதற்கடுத்த வருடங்களிலும் போனாள்.

போன வருடம் எனக்குப் பெண் பார்க்கக் கலவை என்கிற ஊருக்குப் போனோம். அக்கா பெண்ணோடு தனியாகப் பத்து நிமிஷம் பேசினாள். பெண் சரி என்று சொல்லிவிட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு, என்னிடம் என்னத்தைக் கண்டு சரி சொன்னாய் என்று கேட்டேன். அக்காவுக்கு உட்கார முடியாமல் அடிபட்டிருந்தபோது, பஸ் முழுக்கக் காலியாக இருந்தும், நீங்கள் அவளோடு கடைசி வரை நின்றுகொண்டே வந்தீர்களாம், அப்படிப்பட்ட மனுஷன் போதும் என்று தோன்றியது என்றாள். அக்கா பாதிக் கதையோடு நிறுத்தியிருக்கிறாள். மீதியைச் சொல்லாமலே காலத்தை ஓட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

ஒரு வாரத்தில் அப்பா மீதியைச் சொல்லிவிட்டார். மேஜைக்குக் கீழே போய் நின்றதை நடித்தும் காட்டினாராம். அன்றிலிருந்து சாப்பிடுவதற்கு நான் நாற்காலியை இழுக்கிற ஒவ்வொரு வேளையும், என் மனைவி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முகத்தில் அவ்வளவு அக்கறையோடு கேட்கிறாள்:

"இன்னாங்க, உக்கார முடியுதா?"